ஃபைஃபாக்ஸ் செயலி: முட்டை வண்டியிலும் கொல்லிமலை பஸ்ஸிலும் வைத்துப் பார்த்த அனுபவம்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு நாலரை. காசு இல்லை, விளம்பரத் தொல்லை இல்லை, இன்டர்நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்கிறது. அரை மார்க்கை எங்கே பிடித்தேன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஆஹன் என்ற ஊரில் இருக்கும் ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தின் இயற்பியல்காரர்கள் உருவாக்கி, 2016-ல் வெளியிட்ட செயலி இது. ஆன்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும். இது போனுக்குள் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஸ்கிரீனைத் திருப்பினால் படம் திரும்புகிறதே, அதற்காக ஒரு உணரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதுபோக ஜிபிஎஸ், மைக், காந்த உணரி, சில போன்களில் காற்றழுத்த உணரி. இவை சொல்லும் எண்களை வாங்கி வரைபடமாகப் போட்டுக் காட்டுவதுதான் ஃபைஃபாக்ஸின் வேலை. கறுப்புப் பின்னணி, ஆரஞ்சு நிறம், மேலே ஒரு முக்கோணப் பொத்தான். தொட்டால் கோடு ஓட ஆரம்பிக்கும்.

நான் சேந்தமங்கலத்தில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை, பிசிக்ஸும் கணக்கும். அப்பாவுக்கு முட்டை வியாபாரம். பண்ணையில் ஏற்றிக் கடைகளுக்குப் போடுவதற்கு ஒரு குட்டி யானை வண்டி வைத்திருக்கிறார். நாமக்கல் ஜில்லாவில் இதெல்லாம் அதிசயம் இல்லை, தெருவுக்கு ஒரு முட்டை வண்டி நிற்கும். கீழே எழுதியிருக்கும் சோதனைகளில் பாதி அந்த வண்டியில் செய்தவைதான்.

செயலிக்குள் ஏகப்பட்ட சோதனைகள் இருக்கின்றன: ஊசல், ஒலி, காந்தம், டாப்ளர் விளைவு என்று பட்டியல் நீள்கிறது. அவற்றைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். வேகம், திசைவேகம், முடுக்கம் மூன்றையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக் காட்ட இது உதவுமா என்று மட்டும்தான் நான் பார்த்தேன்.

குழப்பம் எங்கே என்று டியூஷன் எடுக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்தில் வரையறை கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். ஒரு நொடியில் கடந்த தொலைவு வேகம், ஒரு நொடியில் அடைந்த இடப்பெயர்ச்சி திசைவேகம், திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். சரி, முப்பது கிலோமீட்டரில் போகும் வண்டி அதே முப்பதில் ஒரு வளைவில் திரும்புகிறது, முடுக்கம் உண்டா என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "இல்லைங்க மிஸ், ஸ்பீடுதான் மாறலையே" என்று சொல்லும். அதே பிள்ளைகள் ப்ளஸ் ஒன்னில் இயக்கவியலுக்கு வரும்போது சூத்திரம் கூடியிருக்கும், பதில் அதேதான் இருக்கும்.

இதற்காக முன்பு ஆன்லைனில் ஒரு ட்ராலி செட் வாங்கினேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், சாய்தளம் பிளாஸ்டிக், வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். இப்போது அது மாடியில் துளசித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

ஃபைஃபாக்ஸில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், மூன்றுக்கும் ஒரே முள் என்ற ஏமாற்று வேலை இல்லாததுதான். எது எங்கிருந்து கிடைக்கிறது என்று தனித்தனியாகத் தெரிகிறது.

'லொகேஷன்' என்ற பகுதியைத் திறந்தால் ஜிபிஎஸ் தருவது தெரியும். வேகம் ஒரு வரியில் வரும். திசை தனியாக, வடக்கிலிருந்து எத்தனை டிகிரி என்று இன்னொரு வரியில் வரும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் திசைவேகம், முதல் வரியை மட்டும் படித்தால் வேகம். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நான் அரை மணி நேரம் பேசுவதை இந்த இரண்டு வரி செய்துவிடுகிறது. நேர்ரோட்டில் வண்டி போகும்போது மேலே இருக்கும் எண் ஏறி இறங்கும், கீழே இருக்கும் டிகிரி அசையாது. வளைவு வந்தால் மேலே இருப்பது அப்படியே நிற்க, கீழே இருப்பது ஓடும். பிள்ளைகள் கையில் கொடுத்து "எது மாறுது, எது மாறலை, அதை மட்டும் சொல்லு" என்றால் போதும்.

ஜிபிஎஸ்ஸின் வேகக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு நடுவே உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்துத்தான் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் நம் நகர்வால் கொஞ்சம் மாறுகிறது, அந்த மாற்றத்திலிருந்து திசைவேகம் நேராகவே கிடைக்கிறது. அதனால்தான் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் தள்ளிக் காட்டும் போன்கூட வேகத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். வண்டியின் ஸ்பீடாமீட்டரைவிட இது கொஞ்சம் குறைவாகக் காட்டினால் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். ஸ்பீடாமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று பல நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி இருக்கிறது, அதனால் தயாரிப்பவர்கள் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இத்தனை வருசமா நான் ஓட்டுன ஸ்பீடெல்லாம் பொய்யா கண்ணு?" என்று சிரித்தார்.

அடுத்து முடுக்கம். இங்கேதான் செயலி முழு மார்க் வாங்குகிறது.

இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று 'ஆக்சிலரேஷன் வித் ஜி', இன்னொன்று 'ஆக்சிலரேஷன் வித்தவுட் ஜி'. ஜி என்றால் புவியீர்ப்பு; முதலாவது அதையும் சேர்த்துக் காட்டும், இரண்டாவது அதைக் கழித்துவிட்டுக் காட்டும். முதலாவதைத் திறந்து போனை மேசைமேல் மல்லாக்க வைத்தால் 9.8 மீ/வி² காட்டும். அடுத்த நொடி கேள்வி வரும்: "சும்மா கிடக்கிற போனுக்கு ஏதுங்க மிஸ் முடுக்கம்?" நியாயமான கேள்வி. உணரிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் துண்டு, அதே சிலிக்கானில் செய்த சுருளில் தொங்குகிறது. துண்டு எவ்வளவு விலகுகிறது என்பதை மின்தேக்குத்திறன் மாற்றத்தை வைத்து அளக்கிறார்கள். மேசை போனை மேல்நோக்கித் தாங்கும்போது அந்தத் துண்டு கீழே தொய்கிறது, உணரி அதை 9.8 என்று படிக்கிறது. அதே போனை மெத்தைக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், விழுந்துகொண்டிருக்கும் அந்த 0.45 நொடிக்குக் கோடு பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்பதாவது பிள்ளைகளிடம் இதிலிருந்து தொடங்காதீர்கள், குழம்பிவிடும். 'வித்தவுட் ஜி'-யில் தொடங்கி, ப்ளஸ் ஒன் வந்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

'வித்தவுட் ஜி'-யில் மூன்று கோடுகள் ஓடும். போனின் வலது பக்கம் எக்ஸ், தலைப்பக்கம் ஒய், ஸ்கிரீனிலிருந்து வெளியே வருவது இசட். பக்கத்தில் 'அப்சல்யூட்' என்று ஒரு தாவல் உண்டு. அதைத் தொட்டால் மூன்றும் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும், திசை காணாமல் போகும், எப்போதும் பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கும். திசையுள்ள வெக்டருக்கும் திசையில்லாத ஸ்கேலாருக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு தாவல்களாக வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்தே செய்தார்களா என்று தெரியவில்லை, எனக்கு ரொம்ப உபயோகமாக இருக்கிறது.

குட்டி யானையின் டேஷ்போர்டில், தலைப்பக்கம் முன்னால் பார்க்க, போனை டேப் போட்டு ஒட்டினோம். ஒட்டாமல் சும்மா வைத்தால் போன் குதிப்பதைத்தான் அளக்க முடியும், வண்டியை அளக்க முடியாது. அப்பா கிளம்பினார். ஒய் கோடு மேலே எழுந்தது, ஒன்றரையை ஒட்டி. கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு பள்ளம் விழுந்தது. கிளட்ச் மிதித்த நேரம் முடுக்கம் போய்விடுகிறது என்பதை அதுவே எழுதிக் காட்டியது. நாற்பதைப் பிடித்து அப்படியே ஓட்டியபோது கோடு இறங்கிப் பூஜ்யத்தைச் சுற்றி நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்து பார்த்த ஒன்பதாவது பையன் ஒருவன் "வண்டி நின்னுருச்சுங்களா மிஸ்?" என்றான். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் கேள்வியில்தான் பாடமே இருக்கிறது. போனுக்குள் இருக்கும் உணரிக்கு வண்டி நாற்பதில் போகிறதா, நிற்கிறதா என்று தெரியாது. தெரியவும் முடியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனாக இருந்தாலும் இதுதான் கதி. திசைவேகம் மாறினால் மட்டும்தான் உள்ளே இருக்கும் துண்டு அசையும். மாறாத திசைவேகத்தை உள்ளேயிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை என்பதை கலிலியோ 1632-ல், ஆடாமல் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் நடக்கும் விஷயங்களை வைத்து விளக்கிவிட்டார். வேகம் தெரிய வேண்டுமென்றால் வெளியே எதையாவது பார்த்தாக வேண்டும்: ஓடுகிற தென்னை, ரோட்டில் உருளும் சக்கரம், வானத்துச் செயற்கைக்கோள். ஃபைஃபாக்ஸில் வேகத்துக்கு ஜிபிஎஸ் என்றும் முடுக்கத்துக்கு உணரி என்றும் இரண்டு தனித்தனிக் கதவுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். பாடப்புத்தகத்தில் மூன்றும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருவதால் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி போலத் தோன்றிவிடுகிறது. செயலியில் அந்த மயக்கம் வருவதில்லை.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இங்கே குறுக்கே வரும்: "முடுக்கம் தெரிஞ்சா, நேரத்தால பெருக்கிக் கூட்டிக்கிட்டே போனா திசைவேகம் வந்துருமேங்க மிஸ்?" வரும், கணக்கில். தரவை எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்யும் வசதி செயலியில் இருக்கிறது, செய்து பாருங்கள். மலிவு விலைப் போனில், மேசைமேல் கிடக்கும்போதே முடுக்கம் சுத்தமாகப் பூஜ்யம் காட்டாமல் 0.05 மீ/வி² அளவுக்குத் தள்ளிக் காட்டுவது சகஜம். அதை ஒரு நிமிடம் கூட்டினால் நொடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர். இன்னொரு முறை கூட்டித் தொலைவாக்கினால் 90 மீட்டர். அசையாமல் கிடந்த போன் ஒரு நிமிடத்தில் தெருக்கோடி வரை போய்விட்டதாகக் கணக்கு வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் இப்படிக் கூட்டிக்கொண்டே போகும் தொகையீடு என்றால் என்ன, சின்னப் பிழை அதில் எப்படிப் பெருகும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முட்டைக்கு வருகிறேன். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை, அட்டைமேல் அட்டை. உடைசல் எவ்வளவு வருகிறது என்பதில்தான் அப்பாவின் லாபம் இருக்கிறது. "மெதுவாப் போனா உடையாது" என்பது ஊர்ப்பேச்சு. மேல் அட்டையின் ஓரத்தில் போனைக் கட்டி, 'வித் ஜி'-யில் இசட் கோட்டை மட்டும் பார்த்தோம். நல்ல தார்ரோட்டில் ஐம்பதில் போகும்போது கோடு 9.8-ஐச் சுற்றி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் பதினைந்தில் ஊர்ந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பதினெட்டுக்குப் போய், உடனே நாலுக்கு விழுந்தது. வேகம் குறைவாக இருந்த இடத்தில்தான் முடுக்கம் எகிறியது. பதினெட்டு என்றால் அந்த ஒரு கணத்துக்கு ஒவ்வொரு முட்டையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனத்தோடு கீழ் அட்டையை அழுத்துகிறது என்று அர்த்தம். நாலுக்கு விழும்போது எல்லாம் லேசாகி மேலே எழும்பப் பார்க்கும், பிறகு திரும்பி உட்காரும். ஓடு விரிசல் விடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அப்பா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, பழக்கமான இரண்டு ரோடுகளிலும் போனை வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்றார். தூரம் கூடுதலான ரோட்டில்தான் எகிறல் குறைவு. ப்ளஸ் ஒன் பிள்ளைகள் தலையைச் சொறியும் விஷயத்தை அவர் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார். அவருக்கு அதில் காசு இருக்கிறது.

இன்னொரு தீராத தொல்லை கழித்தல் குறி. "முடுக்கம் மைனஸ்னா வண்டி மெதுவாகுதுன்னு அர்த்தம்" என்று எங்கேயோ படித்துவிட்டு வருவார்கள். இதை உடைக்கக் குட்டி யானையை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். போன் அப்படியேதான் இருக்கிறது, தலை முன்னால் பார்த்து. முன்னால் போய் பிரேக் போட்டால் ஒய் கோடு கீழே இறங்கும், அது எதிர்பார்த்ததுதான். நின்ற வண்டியை ரிவர்ஸில் கிளப்பினாலும் கோடு கீழேதான் இறங்கியது. வேகம் கூடுகிறது, முடுக்கம் மைனஸ். ரிவர்ஸில் போய்க்கொண்டே பிரேக் போட்டபோது கோடு மேலே ஏறியது. வேகம் குறைகிறது, முடுக்கம் பிளஸ்! பிறகு ஒரு பிள்ளை தானாகவே கேட்டாள்: "அப்ப முன்னாடி போய் பிரேக் போடறதும், பின்னாடி கிளம்பறதும் போனுக்கு ஒண்ணுதானுங்களா?" ஒன்றேதான். இரண்டிலும் திசைவேக மாற்றம் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிய, திசைவேகம் எந்தப் பக்கம், முடுக்கம் எந்தப் பக்கம் என்ற இரண்டும் தெரிய வேண்டும். ஒரே பக்கமாக இருந்தால் கூடும், எதிரெதிராக இருந்தால் குறையும். குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு சோதனைக்காகவே செயலியை வைத்துக்கொள்ளலாம்.

லிஃப்ட் சோதனை எல்லோரும் பரிந்துரைப்பது. எங்கள் பக்கம் லிஃப்ட் என்றால் ஆஸ்பத்திரிதான், நோயாளிகள் போய்வரும் இடத்தில் ரொம்ப நேரம் விளையாட மனசு வரவில்லை. மேலே போகும்போது தொடக்கத்தில் ஒரு மேடு, நடுவில் சமதரை, நிற்கும்போது ஒரு பள்ளம். புத்தகத்துப் படம் மாதிரியே வந்தது. செயலியில் 'எலிவேட்டர்' என்று தனிப்பகுதி இருக்கிறது, காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் மேலேறும் வேகத்தையும் முடுக்கத்தோடு சேர்த்துக் காட்டும். அதற்குப் போனில் காற்றழுத்த உணரி வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது.

கொல்லிமலைதான் உச்சம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பினால் முடுக்கம் உண்டா என்று வகுப்பில் கேட்ட அதே கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்? பஸ்ஸில் ஜன்னலோர சீட், போனை முன் சீட்டின் கம்பியோடு சேர்த்துக் கட்டியாயிற்று. இன்னொரு போனில் 'லொகேஷன்'. ஒரு வளைவுக்குள் நுழையும்போது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், வெளியே வரும்போதும் அதே அளவு. திசை மட்டும் நாற்பது டிகிரியிலிருந்து இருநூற்று இருபதுக்குப் போயிருந்தது, கிட்டத்தட்ட நேரெதிர். அந்த நேரம் முழுக்க மற்ற போனில் எக்ஸ் கோடு இரண்டை ஒட்டி ஏறி நின்றது. ஒய் பெரிதாக அசையவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 18 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 5 மீட்டர். வளைவின் ஆரம் பன்னிரண்டரை மீட்டர் என்று வைத்தால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க 25-ஐ 12.5-ஆல், சரியாக 2 மீ/வி². கோடு நின்ற இடமும் அதுதான். வேகத்தை இரட்டித்தால் முடுக்கம் நாலு மடங்கு, 8. அப்படி எடுத்தால் பஸ் வளைவில் இருக்காது, பள்ளத்தில் இருக்கும்.

அதே வளைவை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம், ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு. நுழையும்போது ஒரு பக்கம் 5, வெளியே வரும்போது எதிர்ப்பக்கம் 5. வேக மாற்றம் பூஜ்யம், திசைவேக மாற்றம் 10. அரைவட்டம் சுற்ற ஆன நேரம் சுமார் 7.9 நொடி. சராசரி முடுக்கம் 1.27 வருகிறது. கோட்டில் தெரிந்த 2 ஏன் இங்கே 1.27 ஆனது என்று ஒருவனும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். ஒவ்வொரு கணத்திலும் முடுக்கத்தின் அளவு 2-தான், ஆனால் அதன் திசை சுழன்றுகொண்டே இருப்பதால் பக்கவாட்டுப் பங்குகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகின்றன, சராசரி குறைகிறது.

வளைவுகளில் பிள்ளைகள் வெளிப்பக்கம் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கோடு காட்டிய முடுக்கம் வளைவின் உள்பக்கம் பார்த்து. "நாம வெளிய தள்ளப்படறோம், போன் உள்ளேன்னு சொல்லுது" என்று ஒரு சண்டை நடந்தது. உடம்பு பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது, சீட்டும் கம்பியும்தான் நம்மை உள்ளே இழுத்துத் திருப்புகின்றன என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. மலைச்சரிவு வானத்தை மறைக்கும் இடங்களில் ஜிபிஎஸ் தடுமாறும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வாந்தி வரும் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதீர்கள், ஸ்கிரீனைப் பார்த்தால் இன்னும் மோசமாகும். எலுமிச்சம்பழம் போதும். ஆடிப் பதினெட்டு வல்வில் ஓரி விழா சமயத்தில் போகவே போகாதீர்கள், கூட்டத்தில் பஸ் நகர்ந்தால்தானே வேகம்.

இப்போது அந்த அரை மார்க்.

வரைபடத்தின் அளவுகோல் தானாகவே மாறிக்கொள்கிறது. மேசைமேல் போனை வைத்து ஓட விட்டால், நூற்றில் ஒரு பங்கு நடுக்கத்தையும் ஸ்கிரீன் முழுக்கப் பெரிதாக்கிப் பூகம்பம் போலக் காட்டும். முதல்முறை பார்க்கும் பிள்ளை போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கும். அச்சில் உள்ள எண்ணைப் படி என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழகியவர்களுக்கு இது வசதி, புதியவர்களுக்கு இடைஞ்சல்.

இன்னொன்று, முகப்பில் இருக்கும் பட்டியல் நீளம். பெயர்களைப் பார்த்து எதில் தொடங்குவது என்று ஒன்பதாவது பிள்ளைக்குத் தெரியாது, கூடவே ஒரு ஆசிரியர் இருந்தாக வேண்டும். நான் ஆங்கில மெனுவோடுதான் ஓட்டுகிறேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக, எந்தப் பொத்தானுக்கு என்ன பொருள் என்று ஒரு அட்டையில் எழுதி மாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

பாராட்ட வேண்டிய இன்னொரு வசதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்று புள்ளி மெனுவில் 'ரிமோட் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில், இல்லையென்றால் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால், போன் காட்டும் முகவரியை பிரவுசரில் அடித்தால் போதும், வரைபடம் பெரிய ஸ்கிரீனில் ஓடும், அங்கிருந்தே தொடங்கவும் நிறுத்தவும் செய்யலாம். போனை ஊஞ்சலில் கட்டிவிட்டு வகுப்பே ஒன்றாகப் பார்க்கலாம். ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது வேகம் பூஜ்யம், முடுக்கம் பூஜ்யம் இல்லை என்பதை அப்படித்தான் காட்டினேன். 'டைம்டு ரன்' என்று ஒன்றும் உண்டு, இத்தனை நொடி கழித்துத் தொடங்கு, இத்தனை நொடி ஓடு என்று சொல்லிவைக்கலாம். பொத்தானைத் தொடும்போது ஏற்படும் ஆட்டம் தரவில் கலக்காது.

போன் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: கைரோஸ்கோப், அதாவது போன் சுழல்வதை அளக்கும் உணரி, இருக்கிறதா என்று பாருங்கள். 'வித்தவுட் ஜி' எண்களைப் பல போன்கள் நேரடியாக அளப்பதில்லை, முடுக்க உணரியையும் கைரோஸ்கோப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் புவியீர்ப்பைக் கழித்துத் தருகின்றன. கைரோஸ்கோப் இல்லாத போனில் அந்தப் பகுதி திறக்காமல் போகலாம், திறந்தாலும் எண்கள் நம்பும்படி இருக்காது. அப்படிப்பட்ட போன் மட்டுமே கையில் இருந்தால் 'வித் ஜி'-யைத் திறந்து, போனை மட்டமாக வைத்து, எக்ஸ், ஒய் கோடுகளை மட்டும் பாருங்கள். மட்டமான ரோட்டில் அது போதும்.

வண்டி ஓட்டுகிறவர் போனைத் தொடவே கூடாது, பொத்தானை அழுத்தும் வேலை பக்கத்து சீட்காரருடையது. வீட்டில் ஸ்கிரீன் விரிசல் விட்ட பழைய போன் ஏதாவது கிடந்தால் அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சிம் கார்டு தேவையில்லை, மெத்தைக்கு மேலிருந்து கீழே போடவும் பயமிருக்காது.